மூவர்ஸ் எழுதப்போகும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கு

மகள் எழுதிய மூவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் சிறுவர் ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு வந்துவிட்டது. வாசிப்பும் எழுத்தும் பகுதியில் ஐந்துக்கு நாலு கேடயம் (பெறுபேற்றை இதில் கேடயத்தால்தான் காட்டுவார்கள்). பெரிய சந்தோசம். ஆனால் மகள் படித்த ரியூசன் நிலையம் படுத்திய பாட்டை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

முதல் பிரச்சினை எந்தப் பரீட்சை என்பதிலேயே வந்தது. "தரம் 5 என்றால் ஃப்ளையர்ஸ்" என்று வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டார்கள். கேம்பிரிட்ஜின் இந்தச் சிறுவர் பரீட்சைகள் பாடசாலைத் தரத்தைப் பார்ப்பதில்லை. ஸ்டார்ட்டர்ஸ், அதைவிடக் கடினமான மூவர்ஸ், எல்லாவற்றிலும் கடினமான ஃப்ளையர்ஸ், இந்த மூன்றில் எது என்பதைப் பிள்ளையின் ஆங்கிலம்தான் தீர்மானிக்கவேண்டும். மாதிரி வினாத்தாள் ஒன்று காட்டுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்கள் பாப்பம் அம்மா, உங்களுக்கு விளங்காது" என்றார் பொறுப்பாக இருந்த சேர்.

விளங்காமல் இருக்க அதில் ஒன்றும் இல்லை. மாதிரி வினாத்தாளும் சொற்பட்டியலும் கேம்பிரிட்ஜ் இணையத்தளத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. நெல்லியடியில் ஒரு கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுத்து, மேசையில் மகளை இருத்தி, ஃப்ளையர்ஸ் வாசிப்பு எழுத்துத் தாளைக் கொடுத்தேன். 40 நிமிடம், 44 கேள்வி. விளக்கத்துக்குப் பொருத்தமான சொல்லைத் தேடும் முதல் பகுதியைச் செய்துவிட்டாள். ஆறாம் பகுதியில் தெரிவுச் சொல் எதுவும் தரமாட்டார்கள், இடைவெளிக்குரிய சொல்லைப் பிள்ளையே யோசித்து எழுதவேண்டும். அங்கே பென்சில் நின்றுவிட்டது. கடைசிப் பகுதியில் மூன்று படங்களைப் பார்த்து 20 சொல்லுக்குக் குறையாமல் கதை எழுதவேண்டும். வகுப்பிலோ "எனது பாடசாலை" கட்டுரையைப் பாடமாக்க விட்டிருந்தார்கள். அதை எழுத இந்தத் தாளில் இடமே இல்லை.

மூவர்ஸ் தாளையும் கொடுத்துப் பார்த்தேன். 30 நிமிடம், 35 கேள்வி. திணறினாலும் முடித்தாள். அப்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

மாற்றச் சொல்லிப் போனால் அலுவலகத்தில் இருந்த இளம் பெண் தலையை நிமிர்த்தாமலே படிவத்தைத் திருப்பித் தள்ளினா. மட்டத்தை மாற்ற சேர் வரவேண்டுமாம். சேர் வந்த பிறகு மகளின் பெயரில் சிக்கல் வந்தது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்ததால் ஆங்கில எழுத்தைத் தாங்களே ஊகித்து எழுதி, தகப்பன் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். சான்றிதழில் வரப்போகிற பெயர் அது! பாஸ்போர்ட்டைக் கொண்டுவா என்று முதலே சொல்லியிருந்தால், மத்தியான வெயிலில் பஸ் பிடித்து அதை எடுக்க நெல்லியடிக்குப் போய்த் திரும்பவும் வந்திருக்கத் தேவையில்லை. ஆனால் விடவில்லை. படிவத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுத் திருத்தி, பற்றுச்சீட்டில் மூவர்ஸ் என்று எழுத வைத்த பிறகுதான் வெளியில் வந்தேன். நீங்களும் பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் இரண்டு விசயம் எங்களை ஆட்டிவைத்தது. ஒன்று, முழு வசனத்தில் விடை எழுதும் பழக்கம். பாடசாலையில் அப்படித்தான் பழக்குகிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் மூவர்ஸ் ஐந்தாம் பகுதியில் கதையை வாசித்து, கொடுத்த வசனத்தின் இடைவெளியில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று சொல் மட்டும்தான் எழுதலாம். மகள் கதையில் இருந்த வரியை அப்படியே தூக்கி வைத்துவிடுவாள். சரியான விடையைத் தெரிந்துகொண்டே புள்ளியை இழப்பது எவ்வளவு வயிற்றெரிச்சல்! விடை எழுதியதும் விரல் வைத்துச் சொற்களை எண்ணப் பழக்கினேன், அப்புறம்தான் சரிவந்தது.

மற்றது எழுத்துப்பிழை. தாளிலேயே அச்சடித்திருக்கும் சொல்லைப் பார்த்து எழுதும்போதுகூட ஓர் எழுத்துத் தவறினால் புள்ளி இல்லை. மகள் "கிச்சன்" என்ற சொல்லைப் பார்த்து எழுதும்போதே நடுவில் இருக்கும் ரீ (t) எழுத்தை விட்டிருந்தாள். வேகமாக முடிப்பதைப் பாராட்டாதீர்கள், கடைசியில் திருப்பிப் பார்க்க நேரம் வைக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை நாள் ஒரு பிரச்சினையும் இல்லாமல் போனது.

பெறுபேறு வந்த அன்று அதே வகுப்புப் பிள்ளை ஒருவனின் அம்மா அழுதுகொண்டு போன் எடுத்தா. ஃப்ளையர்ஸில் வாசிப்பு எழுத்துக்கு இரண்டு கேடயம், "மகன் பெயில்" என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தப் பரீட்சைகளில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. கேட்டல், வாசிப்பும் எழுத்தும், பேச்சு ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை கேடயம், மொத்தம் 15. எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் சான்றிதழ் உண்டு. இரண்டு என்றால் அந்தப் பகுதியில் இன்னும் உதவி தேவை, அவ்வளவுதான். பேச்சில் அவனுக்கு ஐந்தும் கிடைத்திருந்தது, அதை ஒருவரும் அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்லவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அவனும் எங்கள் வீட்டுக்கு வருகிறான். மூன்று படக் கதையில் இருந்து தொடங்கியிருக்கிறோம்.