பரோலி: ஜெயிச்ச காசு யார் காசு?

லீவில் கப்பலை விட்டு இறங்கி ராயபுரம் வந்தால் போதும், கல்மண்டபம் பக்கத்து கேரம் கிளப் பசங்க என்னை விடுவதில்லை. இந்தத் தடவை கேள்வி பரோலி என்கிற பந்தயம் கட்டும் முறை பற்றி. "அண்ணா, ஜெயிச்சா டபுள் கட்டணும், தோத்தா திரும்ப ஒண்ணுலேர்ந்து. தொடர்ந்து மூணு ஜெயிச்சா எடுத்து உள்ள வெச்சிக்கணும். கேசினோ காசுலயே ஆடலாம்ல?" என்றான் ஒருத்தன். கோவா போக நாலு பேர் பணம் சேர்க்கிறார்கள்.

நான் சொகுசுக் கப்பல் கேசினோவில் பேக்கரா என்கிற சீட்டாட்டத்தின் டேபிள் டீலர், சீட்டுப் போடுகிறவன். துறைமுகத்தை விட்டுக் கடலுக்குள் போன பிறகுதான் எங்கள் டேபிள் திறக்கும். பரோலி ஆடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும், உண்மையாகவே. தோற்கத் தோற்க இரட்டிப்பவர் ஆறு ஆட்டம் வரிசையாக விட்டால், 100-இல் தொடங்கியது 6,300 ரூபாய் போயிருக்கும். ஏழாவதுக்குக் கை நடுங்கும். பரோலிக்காரர் ஒரு சுற்றில், அதாவது ஒன்று தோற்கும் வரை அல்லது தொடர்ந்து மூன்று ஜெயிக்கும் வரை, கைக்காசில் 100-க்கு மேல் இழக்கவே மாட்டார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பேக்கராவில் பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கத்துக்குச் சீட்டு விழும், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று கட்டுவதுதான் ஆட்டம், சமமானால் டை. 100 ஆட்டத்தில் பேங்கர் ஜெயிப்பது ஏறக்குறைய 45.9, பிளேயர் 44.6, டை 9.5. பேங்கரில் ஜெயித்தால் 5 சதவீதம் கமிஷன் பிடிப்போம், அதனால் இரட்டிப்புக் கணக்குப் பார்க்கிறவர்கள் பிளேயரில் கட்டுவார்கள். டை விழுந்தால் கட்டிய காசு அப்படியே நிற்கும். அதைத் தள்ளிவிட்டால் பிளேயர் ஜெயிக்க வாய்ப்பு 49.3 சதவீதம். தொடர்ந்து மூன்று முறை ஜெயிக்க 12 சதவீதம்தான்.

ஆக 100 சுற்று ஆடினால் 12 சுற்றில் 700 வீதம் 8,400 வரும். மீதி 88 சுற்றில் 100 வீதம் 8,800 போகும். சராசரியில் 400 ரூபாய் நஷ்டம். அத்தனை ஆட்டத்துக்கும் மாறாமல் 100 ரூபாயே கட்டியிருந்தால் நஷ்டம் சுமார் 240. பரோலியில் ஏன் கூடுகிறது? 200, 400 என்று ஏற்றும்போது மேஜைக்குப் போகும் மொத்தத் தொகை பெருகுகிறது. கேசினோவின் பங்கு அந்த மொத்தத்தில்தான்.

இதைத்தான் அந்தப் பையனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சிப்பை உன் பக்கம் தள்ளிய நொடியிலேயே அது உன் காசுடா தம்பி. காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக் கையில் வாங்கிய பணத்தை யாராவது ஏலக்காரர் காசு என்பார்களா? மூன்றாவது ஆட்டத்தில் 400 தோற்கும்போது உன் 300 சம்பாத்தியமும் சேர்ந்து போகிறது. "நூறுதானே போச்சு" என்று எழுந்து போனவர்கள் முகத்தை எதிரே நின்று பார்த்திருக்கிறேன்.

1-3-2-6 என்றும் ஒன்று உண்டு. ஜெயிக்க ஜெயிக்க 100, 300, 200, 600 என்று கட்டுவது, தோற்றால் திரும்ப 100. இரண்டு ஜெயித்துவிட்டால் மூன்றாவது தோற்றாலும் 200 மிச்சம், நாலும் ஜெயித்தால் 1,200. ஆனால் இரண்டாவதில் தோற்றால் 200 கைநஷ்டம். ஆட்டம் இதமாக இருக்கும், வாய்ப்பு மாறாது. சீட்டுக்கு முந்தைய ஆட்டம் ஞாபகம் இருக்காது.

போனில் ஆடிப் பழகலாமா என்றும் கேட்டான். வேண்டாம், காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது.

கோவா போனால் டை பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒன்றுக்கு எட்டு என்று ஆசை காட்டும், கட்டுகிற நூறில் 14 ரூபாய்க்கு மேல் கேசினோவுக்குப் போகும். ஞாயிறு சாயங்காலம் கிளப்புக்கு எட்டு சீட்டுக்கட்டு கொண்டுவருகிறேன். கேரம் காய்களையே சிப்பாக வைத்து ஆடலாம், ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் எழுத ஒருத்தன் உட்காரணும்.