மாமாவின் ஸ்கேன்

போன வாரம் குலசேகரத்திலிருந்து மாமா கூப்பிட்டார். "மக்களே, மூத்திரம் கட்டன்சாயா மாதிரி போவுது, விலாவுல குத்துது." விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிற மனுஷன், படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் (பாலிசிஸ்டிக் கிட்னி) உள்ளவர். கல்லாக இருக்கும் என்றுதான் நினைத்தோம்.

நாகர்கோவிலில் முதலில் அல்ட்ராசவுண்ட். தெளிந்த நீர் உள்ள கட்டி அதில் கறுப்பாகத் தெரியும். இடப்பக்கம் ஒன்று மட்டும் கலங்கலாக இருந்தது. அப்புறம் மருந்து ஏற்றாமல் சி.டி. ஸ்கேன். டாக்டர் திரையில் விரல் வைத்துக் காட்டினார்: சுற்றிலும் மங்கலான உருண்டைகள், நடுவில் ஒன்று மட்டும் வெளுப்பு. புது ரத்தம் நீரைவிட அடர்த்தி. சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு ஹவுன்ஸ்ஃபீல்டு; அதில் நீர் 0 என்றால், உறைந்த ரத்தம் 60ஐத் தாண்டலாம். சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் பரவவில்லை என்பதும் அதில்தான் தெரிந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அத்தை தண்ணீர் குடித்தார்.

கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, ஓய்வு போதும், பெரும்பாலும் தானே நின்றுவிடும் என்றார்கள். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. சில வலிமாத்திரைகள் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

இந்த நீர்க்கட்டி நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. மாமா என் அம்மாவின் தம்பி. நாளை அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிறேன்.