ஸ்டோக்கில் ஒரு ராத்திரி, ஒரு கள்ள ரெக்கார்டு

பர்மிங்காமிலிருந்து ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த நேரம் முழுக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மாற்றுச் சட்டை ஒன்று, தண்ணீர் பாட்டில், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஓர் ஏழு அங்குல ரெக்கார்டு. போன வருடம் 180 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1966இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்ட சோல் பாட்டு. எந்தப் பாட்டு என்று சொல்லப்போவதில்லை. விற்றவர் இன்னும் அதே வட்டாரத்தில்தான் நடமாடுகிறார், எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

அந்த ரெக்கார்டில் ஒரு 'டொக்' இருந்தது. சாக்ஸபோன் நுழைவதற்குச் சற்று முன்னால், ஒரே ஒரு முறை. தூசி என்று நினைத்து பிரஷ் போட்டேன். போகவில்லை. காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கழுவிக் காயவைத்தேன். அப்போதும் போகவில்லை. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் கீறல் எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் இருந்தது.

ஸ்டோக் போனால் இதைத் தெரிந்தவர்களிடம் காட்டலாம். அங்கே கிங்ஸ் ஹாலில் விடிய விடிய நார்தர்ன் சோல் ஆட்டம் நடக்கும். ஓரத்தில் மேசை போட்டு ரெக்கார்டு விற்பார்கள்.

நார்தர்ன் சோல் என்றால் வட இங்கிலாந்தில் பிறந்த இசை என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டெல்லாம் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களுடையது. டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று பல ஊர்களில் அறுபதுகளில் பதிவாகி, அங்கே விலைபோகாமல் கிடங்கில் தூங்கியவை. அவற்றைத் தேடி எடுத்துவந்து, மில்லிலும் சுரங்கத்திலும் வாரம் முழுக்க உழைத்த இளைஞர்கள் சனிக்கிழமை ராத்திரி ஆடித் தீர்த்தார்கள். விகன் கேசினோ என்ற நடனக் கூடம் 1973இலிருந்து 1981வரை இதற்குக் கோயில் மாதிரி இருந்தது. அதற்கு முன்பே ஸ்டோக்கைச் சேர்ந்த டன்ஸ்டாலில் 'டார்ச்' என்ற கிளப் பேர் வாங்கியிருந்தது. அமெரிக்காவில் தோற்ற பாட்டுக்குத்தான் இங்கே மதிப்பு. தோற்றதால்தானே பிரதிகள் குறைவு.

பிரதி குறைவு, ஆசை அதிகம். அப்புறம் கள்ளப் பிரதி வராமல் இருக்குமா? ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' இதற்குப் பெரிய உதாரணம். 1965இல் டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனி, 'சோல்' என்ற தன் துணைப் பெயரில் வெளியிட அச்சானது. கடைக்கு வராமலே அழிக்கப்பட்டது. தப்பியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது. எழுபதுகளில் விகனில் இதைப் போட்ட டிஜேக்கள், போட்டியாளர்கள் மோப்பம் பிடிக்கக் கூடாது என்று பாடகர் பெயரையே மாற்றி 'எட்டி ஃபாஸ்டர்' என்று சொல்லி வைத்தார்கள். கள்ளப் பிரதியும் அந்தப் பொய்ப் பெயரிலேயே வந்தது. 1979இல்தான் டாம்லா மோடவுன் பிரிட்டனில் முறையாக வெளியிட்டது. ஆக ஒரே பாட்டுக்கு அசல், திருட்டு, மறுபதிப்பு என்று மூன்று ரெக்கார்டுத் தட்டு. காதுக்கு மூன்றும் ஒன்றுதான் என்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் 180 பவுண்டு கொடுத்தவன் நான்.

ஸ்டோக் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே இந்த ஊர்ப் பீங்கான் முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட் சிலையாக நிற்கிறார், கையில் ஒரு ஜாடியோடு. அது போர்ட்லாண்ட் ஜாடி. பழைய ரோமானியக் கண்ணாடி ஜாடி ஒன்றைப் பார்த்து, பல வருடம் மண்டையை உடைத்து, மண்ணில் நகல் செய்து காட்டினார் மனிதர். அசல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பையில் கள்ளச் சரக்கோ என்ற சந்தேகத்தோடு இறங்குபவனை, நகல் எடுத்துப் புகழ்பெற்றவர் வரவேற்கிறார்! சிரித்துக்கொண்டே நடந்தேன்.

இந்த ஊர் பீங்கான் ஊர். இங்கே பிறந்தவர்கள் உலகத்தில் எந்த ஓட்டலுக்குப் போனாலும், சாப்பாடு வருவதற்குள் தட்டைத் திருப்பி அடியில் என்ன முத்திரை என்று பார்த்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். ரெக்கார்டு மேசைகளைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. யாரும் பாட்டின் பெயரைப் படிக்கவில்லை. உறையிலிருந்து உருவுவார்கள், விளக்கடியில் சாய்ப்பார்கள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் இருக்கும் அந்த வெற்று வளையம். பாட்டே இல்லாத அந்த இடத்துக்கு 'டெட் வாக்ஸ்' என்று பெயர். தட்டின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது.

நான் போய் நின்ற மேசைக்காரருக்கு எழுபது வயதாவது இருக்கும். கழுத்தில் நூல் கட்டிய பூதக்கண்ணாடி. "காட்டு, டக்" என்றார். அந்த ஊரில் எல்லாரும் டக்தான். வாத்து என்று கூப்பிட்டதாகக் கோபித்துக்கொள்ளக் கூடாது, நம் 'தம்பி', 'கண்ணு' மாதிரி அது.

அட்டையைப் பிரித்துக் கொடுத்தேன். லேபிளை அவர் பார்க்கவே இல்லை. தட்டை விளிம்பில் பிடித்து நகத்தால் லேசாகத் தட்டினார். 'தப்' என்று மந்தமாகக் கேட்டது. பெட்டியிலிருந்து அதே பாட்டின் வேறொரு பிரதியை எடுத்துத் தட்டினார். 'டிக்' என்றது, பீங்கானைத் தட்டியது போல.

"இது ஸ்டைரீன். உன்னுடையது வினைல்."

அறுபதுகளில் அமெரிக்காவின் சில ஆலைகள் இந்த ஏழு அங்குல ரெக்கார்டுகளை வழக்கமான வினைல் பிளாஸ்டிக்கில் அழுத்தாமல், ஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பாய்ச்சி வார்த்தன. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த மோனார்க் ஆலையும் அப்படித்தான். ஸ்டைரீனில் லேபிள் தனியாக ஒட்டப்பட்டிருக்கும். வினைலிலோ அழுத்தும்போதே லேபிள் தட்டோடு சேர்ந்து பதிந்துவிடும். ஸ்டைரீன் வளையாது, விழுந்தால் விரிசல் விடும், மோசமான ஊசி பட்டால் சீக்கிரம் இரைய ஆரம்பிக்கும். மட்டமான சரக்கு என்றே சொல்லலாம். ஆனால் சில பாட்டுகளுக்கு அந்த மட்டமான சரக்குதான் அசல்.

அதற்காக வினைல் என்றாலே போலி என்று அர்த்தமில்லை. பாட்டு கொஞ்சம் ஓடினால் வேறு ஊர் ஆலையிலும் அழுத்துவார்கள், அங்கே வினைலாக இருக்கலாம். அதையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு டெட் வாக்ஸைக் காட்டினார். அவருடைய பிரதியில் சின்ன முக்கோணம், அதை ஒட்டி ஐந்து இலக்க எண். மோனார்க் தன் வேலைகளுக்கு வரிசையாகப் போட்ட எண் அது. வரிசை தெரிந்தவர்கள் அதை வைத்தே தட்டு எப்போது அச்சானது என்று சொல்லிவிடுவார்கள். என்னுடையதில் முக்கோணம் இல்லை, வேறு எந்த ஆலையின் முத்திரையும் இல்லை. லேபிளில் இருக்கும் எண்ணை மட்டும் யாரோ ஆணியால் கிறுக்கிய மாதிரி எழுதியிருந்தது. கையால் எழுதிய எண் அசலிலும் வரும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றாகச் சேரும்போது வயிறு கலங்கத்தான் செய்தது.

கடைசியில் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து லேபிளைப் பார்க்கச் சொன்னார். அசலில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் இருந்தது. என்னுடையதில் பழைய வாரப் பத்திரிகைப் படம் மாதிரி புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. அசல் லேபிளைப் படம் பிடித்து அதிலிருந்து அச்சடித்திருக்கிறார்கள்.

சரி, போனது போகட்டும் என்று தட்டை வாங்கி உறைக்குள் வைக்கும்போது, சும்மா பேச்சுக்குச் சொன்னேன்: "இதில் ஒரு டொக் வேறு. எவ்வளவு கழுவினாலும் போகவில்லை. கீறலும் இல்லை."

அவர் சிரித்துவிட்டார். "போகாது டக். அது உன் கீறல் இல்லை."

கள்ளப் பிரதி போடுபவனிடம் பாட்டை முதலில் பதிவு செய்த மாஸ்டர் டேப் ஏது? கையில் கிடைத்த ஒரு அசல் ரெக்கார்டை ஓடவிட்டு, அதிலிருந்து பதிவு செய்து, புதுத் தட்டு அடித்திருக்கிறான். அந்த அசலில் யாரோ, எப்போதோ, ஊசியை நழுவவிட்டிருக்கிறார்கள். அந்தக் கீறலின் சத்தம் பாட்டோடு சேர்ந்து அச்சாகிவிட்டது. அப்போது அடித்த அத்தனை பிரதிகளிலும் அதே இடத்தில் அதே டொக். மேசைக்கு அடியில் இருந்த சின்ன பிளேயரில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். அசலில் சாக்ஸபோன் அப்படியே பாய்ந்து வந்தது. என்னுடையதில் கம்பளிக்குள் இருந்து ஊதுவது போல் இருந்தது, அதற்கு முன்னால் டொக்.

அசலின் விலை கேட்டேன். 650 பவுண்டு. நன்றி சொன்னேன்.

என்னுடையது எழுபதுகளின் கள்ளப் பிரதி, அதற்கும் இப்போது ஆள் இருக்கிறது, 15 பவுண்டு தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. பதிலுக்கு அவர் பெட்டியிலிருந்து 12 பவுண்டுக்கு வேறொன்று வாங்கினேன். லேபிளில் ஒரு பெண்ணின் பெயர் நீல பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது. லேபிளில் எழுத்து இருந்தால் விலை இறங்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது, பள்ளி நோட்டில் எழுதுவது போல் கோணல்மாணலாக, கடைசி எழுத்துக்கு ஒரு வால் விட்டு.

அப்புறம் ஆட்டம். டால்கம் பவுடர் தூவிய மரத்தரை, அறுபதைத் தாண்டியவர்கள் பம்பரமாகச் சுற்றினார்கள். மேடையில் அசல் தட்டு தவிர வேறெதுவும் போடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். என் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

காலையில் ஓட்கேக் கடையில் சாப்பிட்டேன். பார்க்க நம் கோதுமை தோசைதான், உள்ளே சீஸ். பக்கத்து மேசைக் கிழவி தட்டு வந்ததும் உண்மையிலேயே அதைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தார். கதை என்று நினைத்திருந்தேன்.

ரெக்கார்டு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறையாவது போடுகிறேன். பிரஷ் போடுவதில்லை. சாக்ஸபோன் நெருங்கும்போது சமையலறையில் கையில் கரண்டியோடு நின்றுவிடுகிறேன், அந்த டொக் வரட்டும் என்று.