குளித்த தண்ணீர் போகும் வழி

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் பக்கம், எங்களுடைய மனை ஒன்றரை கிரவுண்டு. அதாவது 3,600 சதுர அடி. வீடு 1,100 சதுர அடியை எடுத்துக்கொண்டது போக, முன்புறம் வண்டி நிறுத்த ஒரு துண்டு இடமும், பின்புறமும் பக்கவாட்டிலுமாக இரண்டாயிரம் சதுர அடிக்குச் சற்று மேலாக வெறும் மண்ணும் இருக்கின்றன. இந்த மண்ணில், காட்டைப் போலத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி தோட்டத்தை அமைக்கும் பெர்மாகல்ச்சர் முறையில் செடி கொடிகளை வளர்த்து, அதற்கேற்ப வீட்டுப் பழக்கங்களையும் மாற்றிக்கொண்டு வாழ்ந்து வருகிறோம். தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் என்னென்ன விளைகிறது என்றுதான் கேட்கிறார்கள். நான் அவர்களை முதலில் குளியலறையின் பின்சுவருக்கு அழைத்துப் போவேன், ஏனென்றால் இந்தத் தோட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு, வெயில் நன்றாக விழுகிறதே என்று வடகிழக்கு மூலையில் இரண்டு முருங்கைப் போத்துகளை நட்டிருந்தேன். வெள்ளம் வடிந்தபோது மற்ற இடங்களெல்லாம் இரண்டு நாளில் காலூன்றும் அளவுக்குக் காய்ந்துவிட்டன. அந்த மூலையில் மட்டும் ஒரு வாரம் தண்ணீர் நின்றது. முருங்கைக்கு வேரடியில் நீர் தேங்கினால் ஆகாது. இரண்டு மரங்களும் அடித்தண்டு கறுத்து, கையால் தள்ளினாலே சாய்ந்துவிட்டன. மனையின் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்பதையே அறியாமல் நட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெர்மாகல்ச்சரைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வகுத்த முறை இது. காட்டில் யாரும் உழாமல், உரமிடாமல், நீர் பாய்ச்சாமல் மரங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வதைப் பார்த்து, அதே போன்ற உறவுகளை வீட்டைச் சுற்றிலும் உண்டாக்குவது அதன் அடிப்படை. அதில் என்னை நிறுத்திய அறிவுரை ஒன்று உண்டு: எதையும் நடுவதற்கு முன், இடத்தை ஓராண்டாவது பார்த்துக்கொண்டிரு. மழைநீர் எங்கே ஓடுகிறது, ஆடியில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மார்கழியில் சுவரின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மனையின் படத்தை வரைந்து, மழை பெய்த ஒவ்வொரு நாளும் தண்ணீர் தேங்கிய இடங்களைப் பென்சிலால் குறித்துவந்தேன். அந்த ஓராண்டில் ஒரு செடிகூட வைக்கவில்லை. அதைப் போலப் பயனுள்ள ஆண்டு பிறகு வாய்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு முடியும் தறுவாயில், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. தெருவெல்லாம் தூங்குமூஞ்சி மரங்களும் வேம்பும் புங்கமும் சாய்ந்து கிடந்தன. கிளைகளை அகற்ற ஆளில்லாமல் மக்கள் தவித்தபோது, நானும் என் கணவரும் வீச்சரிவாளை எடுத்துக்கொண்டு போய், இலையும் சிறு குச்சிகளுமாக வெட்டித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பத்து நாட்களில் பின்புறம் முழுவதும் முழங்கால் உயரத்துக்கு மூடாக்கு போட்டுவிட்டோம். மனையை உயர்த்துவதற்காக வீடு கட்டியவர் கொட்டிய கட்டட ரப்பீஸ்தான் எங்களுக்கு மேல்மண்ணாக இருந்தது. கடப்பாறை போட்டால் செங்கல் துண்டில் பட்டுத் தெறிக்கும். அடுத்த ஆவணியில் அந்த மூடாக்கை விலக்கிப் பார்த்தபோது, ஒரு சாண் ஆழத்துக்குக் கையாலேயே மண்ணைக் கிளற முடிந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு மூடாக்கு என்பது புதிய சொல் அல்ல. ஆனால் சொல்லாகத் தெரிந்திருப்பது வேறு, விரலுக்கிடையில் மண்புழு நெளிவது வேறு.

இனிக் குளியலறைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மூன்று பேர். குளிப்பதற்கும் கை கால் கழுவுவதற்கும் நாளொன்றுக்கு 150 லிட்டருக்குக் குறையாமல் செலவாகிறது. அந்தத் தண்ணீர் முன்பெல்லாம் கழிவுத் தொட்டிக்குள் போய், தொட்டியை விரைவில் நிரப்பி, காசு கொடுத்து லாரியில் எடுத்துச் செல்லப்பட்டது. கழிப்பறைக் குழாயிலிருந்து குளியலறைக் குழாயைப் பிரித்து, சுவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு குழிக்குக் கொண்டுபோனோம். குழி வட்டமானது, ஆறரை அடி அகலம், நடுவில் இரண்டரை அடி ஆழம், தோண்டிய மண் சுற்றிலும் கரையாகக் கட்டப்பட்டது. குழிக்குள் தேங்காய் மட்டை, காய்ந்த தென்னை ஓலை, குச்சி, சருகு ஆகியவற்றைக் கரைக்கு மேலே குவியும் வரை அடைத்தோம். கரையின் மேல் ஐந்து வாழைக் கன்றுகள், அவற்றுக்கிடையில் சேம்பு, வெளிப்புறச் சரிவில் சர்க்கரைவள்ளி. குழாயின் வாய் சருகுக்குள் புதைந்திருப்பதால் தண்ணீர் கண்ணில் படுவதே இல்லை, கொசுவும் முட்டையிடுவதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குவியல் அமிழ்ந்துவிடும். வெட்டிய வாழை மரத்தையும் உதிர்ந்த சருகையும் மேலே போட்டால் போதும். பெர்மாகல்ச்சர் நூல்களில் இதை வாழை வட்டம் என்பார்கள்.

என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, செய்யாற்றுக்குப் பக்கத்திலுள்ள தம் ஊரில் கிணற்றடித் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் போய்ச் சேர்ந்ததைச் சொன்னார். உண்மைதான். ஆனால் அங்கே பாத்திரம் துலக்கச் சாம்பலும் தலைக்குச் சீயக்காயும்தான் புழங்கின. அதை நினைக்காமல் நான் ஒரு தவறு செய்தேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீரையும் அதே குழிக்குத் திருப்பிவிட்டேன். ஒன்றரை மாதத்தில் வாழை இலையின் ஓரங்கள் தீய்ந்தன. கரை மண் மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது. ஈரமாக இருக்கும்போது வழுக்கி, காய்ந்ததும் ஓடு போல இறுகியது. “சோப்புத் தண்ணிய வேர்ல விடாதம்மா, மண்ணு செத்துப்போயிடும்” என்று அத்தை சொன்ன பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். சலவைத் தூளில் உள்ள சோடிய உப்புகள் களிமண்ணின் துகள்களைப் பிரித்து, காற்றும் நீரும் போகும் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. இப்போது அன்றாடத் துணிகளைப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் துவைக்கிறோம். சலவைத் தூள் தேவைப்படும் துணிகளின் தண்ணீரைத் தனிக் குழாயில் வெளியே விடுகிறோம். கரை மண் பழைய நிலைக்கு வர இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம்; எங்கள் வீட்டிலும் குழாய் இருந்தது, ஆனால் அது போய் முடிந்த குழி சிமெண்டுக் கழிவால் அடைபட்டுக் கிடந்தது. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மொட்டை மாடி ஏறத்தாழ 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டருக்குமேல் எங்கள் மாடியில் மட்டும் விழுகிறது. நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு வகுத்திருக்கும் அளவின்படி பார்த்தால், இது இரண்டு பேருக்கு ஓராண்டுக்குப் போதும். என்னை இந்த எண் உலுக்கிவிட்டது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. அவ்வளவுக்குத் தொட்டி கட்ட எங்களிடம் இடமும் இல்லை, பணமும் இல்லை. 5,000 லிட்டர்த் தொட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஜல்லியும் மணலும் இட்ட குழி வழியாக உறைக்கிணற்றுக்கு விட்டோம். முருங்கை செத்த வடகிழக்கு மூலையை இன்னும் சற்றுத் தோண்டி, மழைநீர் நின்று இறங்கும் பள்ளமாகவே விட்டுவிட்டோம். அங்கே கல்வாழையும் வல்லாரையும் செழித்திருக்கின்றன.

2019 கோடையை நான் மறைக்கப் போவதில்லை. சோலையார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. எங்கள் கிணறும் வறண்டது, நாங்களும் இரண்டு முறை லாரித் தண்ணீர் வாங்கினோம். நிலத்தடி நீர் வேலி பார்த்து நிற்பதில்லை. நான் இறக்கிய மழைநீரைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் இறைத்துக்கொள்கின்றன. அது நியாயமும்தான். ஆயினும் அந்தச் சித்திரை, வைகாசியில் தோட்டத்துக்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீரும் செலவழிக்கவில்லை. கத்தரியும் வெண்டையும் காய்ந்தன. குளித்த தண்ணீரைக் குடித்த வாழை மட்டும் தார் தள்ளியது.

பூச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பப்பாளி இலையின் அடியில் பஞ்சு அப்பியது போல மாவுப்பூச்சி வந்தபோது, வாரந்தோறும் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பூச்சி நம் ஊர்ப் பூச்சி அல்ல. தமிழ்நாட்டில் 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் அழித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துப் பரப்பிய பிறகுதான் அது அடங்கியது. இதைப் படித்ததும் தெளிப்பதை நிறுத்திவிட்டு, ஓர் இலையைக் கிள்ளி உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை மாவுக்கிடையே சில பூச்சிகள் பழுப்பாக உப்பி, முதுகில் ஊசிக் குத்து போல வட்டமான துளையுடன் கூடாக நின்றன. குளவி வெளியேறிய துளை அது. என் தெளிப்பு அந்தக் குளவிக்கும் எமனாக இருந்திருக்கும். மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். புதிய தளிர்கள் சுத்தமாக வந்தன.

மூடாக்கு போட்டால் பாம்பு வரும், கரையான் வரும் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுவதில் பொருள் இருக்கிறது. அதனால் வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடிக்கு வெறும் மணல் விட்டிருக்கிறோம், நடைபாதையில் சருகு சேர விடுவதில்லை, இரவில் விளக்கில்லாமல் பின்புறம் போவதில்லை.

இந்தத் தோட்டம் எங்களுக்குச் சோறு போடுவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடையில்தான். அரிசியை மட்டும் செங்கல்பட்டுப் பக்கம் கிச்சிலிச் சம்பா பயிரிடும் ஓர் உழவரிடம் ஆண்டுக்கு ஒரு முறை வாங்கிவிடுகிறோம். கீரைக்கு மட்டும் கடைக்குப் போவதில்லை: மேட்டில் மறுபடி வைத்த முருங்கை, தவசிக்கீரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, மணத்தக்காளி என ஒரு முறை வைத்தால் ஆண்டுகணக்கில் பறிக்கக்கூடிய, அல்லது தானாக முளைக்கும் கீரைகளையே அடுக்களை வாசலுக்கு அருகில் வைத்திருக்கிறோம். அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில் பறித்து வர முடிகிற தூரத்தில் இருப்பதால்தான் அவற்றை நாள்தோறும் சாப்பிடுகிறோம். காய்கறித் தோல் மட்கவைக்கும் மண்பானைக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் போகிறது. குப்பை வண்டிக்கு நாங்கள் கொடுப்பது வாரத்துக்கு ஒரு சிறு பை. என்ன வாங்கலாம் என்று யோசிக்கும்போது, தீர்ந்த பிறகு இதை எங்கே போடுவோம் என்றும் சேர்த்து யோசிக்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. வாங்குவது அதனாலேயே குறைந்தது.

புரட்டாசி பிறந்துவிட்டது. மொட்டை மாடியைப் பெருக்கிக் கழுவ வேண்டும். வடிகட்டியின் மணலை எடுத்து அலசிக் காயவைக்க வேண்டும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயின் மூடி சென்ற ஆண்டே விரிசல் விட்டிருந்தது, அதை மாற்ற வேண்டும். வாழை வட்டத்தில் ஒரு தார் முற்றிவிட்டது. அதை வெட்டியபின் தாய் மரத்தைத் துண்டு போட்டுக் குழியிலேயே இட்டு, பக்கக்கன்றுகளில் வாள் போல மெல்லிய இலையுடன் நிற்கும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றைக் கிழங்கோடு பெயர்த்து, கேட்டிருக்கும் இரண்டு வீடுகளுக்குக் கொடுக்கப் போகிறோம்.