போர்டு மாற்றிய பின் பூட்டிக்கொண்ட மடிக்கணினி

மடிக்கணினியை ஆன் செய்ததும் நீலத் திரையில் 'பிட்லாக்கர் ரெக்கவரி' (பிட்லாக்கர் என்பது வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதி) என்று வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால், பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது 'ஃபார்மட் போட்டுவிடலாம்' என்பதுதான். என் தங்கையின் மடிக்கணினிக்கும் அதையே சொன்னார்கள். நாங்கள் அதற்குச் சம்மதிக்காமல் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தோம். இதே திரையைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்த வழியை எழுதுகிறேன்.

சார்ஜ் ஏறாமல் போனதால் மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்திருந்தோம். மதர்போர்டு போய்விட்டது என்று புதியதை மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்ததும் நீலத் திரை வந்தது. தங்கை சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்ப் பாசனம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மடைகள், கலுங்குகளின் படங்களோடு, நீர்ப்பாய்ச்சிகளாக, அதாவது வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடுபவர்களாக, இருந்த முதியவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளும் அந்த மடிக்கணினியில் இருந்தன. அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. ஃபார்மட் போட்டால் அந்தக் குரல்களும் போய்விடும் என்பதால், அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

இந்தப் பூட்டு எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். விண்டோஸுடன் வரும் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில், முதன்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையும்போதே 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாக இயங்கத் தொடங்கி, வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்துவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இதை இன்னும் பல மாடல்களுக்கு விரிவாக்கியது. வட்டைத் திறக்கும் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் பொறுப்பில் இருப்பதால், அன்றாடம் யாரும் எதையும் உள்ளிட வேண்டியதில்லை. போர்டை மாற்றும்போது அந்தச் சிப்பும் போய்விடுகிறது. புதிய சிப்புக்கு இந்த வட்டைத் தெரியாது. பயாஸை, அதாவது கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்தாலும் சில நேரம் இதே நிலை வரும். 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு சில கணினிகள் இப்படி நின்றதை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் சரிசெய்தது. ஆகவே இந்தத் திரை வந்துவிட்டது என்பதாலேயே யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றோ, வட்டு கெட்டுவிட்டது என்றோ பொருள் இல்லை.

குறியாக்கம் தானாக இயங்கியிருந்தால், அந்த 48 இலக்க எண்ணும் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். எங்களுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்கியது, ஏனென்றால் அது எந்தக் கணக்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மடிக்கணினி வாங்கிய அன்று கடை ஊழியரே ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, பாஸ்வேர்டும் போட்டு, நான்கு இலக்கப் பின் எண்ணை மட்டும் தங்கையிடம் சொல்லிக் கொடுத்துவிட்டார். நம் ஊர்க் கடைகளில் இதை ஒரு சேவையாகவே செய்கிறார்கள். ஆனால் வாங்கியவருக்குத் தன் கணக்கின் பெயரே தெரியாமல் போகும் இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பில்லை எடுத்துப் பார்த்தோம். அதில் அப்பாவின் இரண்டாவது கைப்பேசி எண் இருந்தது. கணக்கையும் அதே எண்ணில்தான் தொடங்கியிருப்பார்கள் என்று ஊகித்தோம். மைக்ரோசாஃப்ட் உள்நுழைவில் பயனர் பெயரை மறந்தவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. பதிவான கைப்பேசி எண்ணைக் கொடுத்தால், குறுஞ்செய்தியில் ஒரு குறியீட்டை அனுப்பிச் சரிபார்த்த பிறகு, அந்த எண்ணோடு இணைந்த கணக்கைக் காட்டும். ஆனால் அப்பாவின் அந்த சிம் பழைய பட்டன் போனில் கிடந்து வேலை செய்யாமல் போயிருந்தது. எண் அப்பாவின் பெயரிலேயே இருந்ததால், அவர் ஆதாருடன் நேரில் போய் அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கி, ரீசார்ஜும் செய்தார். நீண்ட காலம் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் முடக்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும் என்பதால், இதைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுவது நல்லது.

புதிய சிம் இயங்கத் தொடங்கியும் குறியீடு வரவில்லை. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது என்று கடையில் சொன்னார்கள். மற்றவர் எண்ணுக்கு சிம் வாங்கி ஓடிபியைத் திருடும் மோசடியைத் தடுக்க வந்த விதி அது. காத்திருந்து மறுபடி முயன்றபோது குறியீடு வந்தது. கணக்கின் பெயர் தெரிந்தது. அதே எண்ணைக் கொண்டே பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

கணக்கின் இணையப் பக்கத்தில் மடிக்கணினி பற்றிய பகுதிக்குள் பிட்லாக்கர் சாவிகளின் பட்டியல் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தாலும் குழம்ப வேண்டாம். நீலத் திரையில் 'ரெக்கவரி கீ ஐடி' என்று எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்று தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகள் பட்டியலில் எந்த வரியோடு பொருந்துகின்றனவோ, அந்த வரியில் உள்ள 48 இலக்கம்தான் வேண்டியது. தங்கை ஒவ்வொரு ஆறு இலக்கமாக வாசிக்க, நான் உள்ளிட்டேன். எட்டுத் தொகுதிகளில் ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், ஒரு இலக்கம் பிசகினாலும் அந்தத் தொகுதி தவறு என்று திரை அப்போதே காட்டிவிடும். கடைசித் தொகுதியை முடித்து என்டர் தட்டியதும் விண்டோஸ் திறந்துகொண்டது. முதல் வேலையாக ஒலிப்பதிவுகளை வெளி வட்டுக்கு நகலெடுத்தோம்.

அதோடு முடியவில்லை. ரீஸ்டார்ட் செய்தபோது மறுபடி அதே எண்ணைக் கேட்டது, ஏனென்றால் புதிய சிப்பிடம் சாவி இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. குறியாக்கப் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கியதும் அந்தத் தொல்லை நின்றது. பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன்பும் இப்படி நிறுத்திவைத்தால் இந்தத் திரை வராமல் தவிர்க்கலாம்.

தேடும்போது, பணம் கட்டினால் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களும் கண்ணில் பட்டன. தொலைந்த ரெக்கவரி கீயை, அதாவது அந்த 48 இலக்க எண்ணை, தங்களால் எடுத்தும் தர முடியாது, புதிதாக உருவாக்கவும் முடியாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அப்படியிருக்க, இவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

இப்போது கணக்கில் தங்கையின் எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்திருக்கிறோம். அப்பாவின் எண்ணை நீக்கவில்லை. பழைய விவரங்கள் எதுவுமே கைவசம் இல்லாமல் எல்லாவற்றையும் மாற்றக் கோரினால், புதியவை செல்லுபடியாக 30 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். 48 இலக்கத்தைத் தாளில் அச்சிட்டு, மடிக்கணினிப் பையில் வைக்காமல், பில் இருக்கும் கோப்பில் தனியாக வைத்திருக்கிறோம்.