கோர்ட்டை வைத்து அங்கதக் கதை எழுத: முதலில் கேஸ் கட்டு

நீதிபதி சுத்தியலால் மேஜையைத் தட்டி “ஆர்டர், ஆர்டர்” என்று கத்துகிற இடத்திலேயே, கோர்ட் வாசலை மிதித்த வாசகர் கதையை மூடிவிடுவார். நம் நீதிமன்றங்களில் சுத்தியல் கிடையாது. கீதையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்வதும் கிடையாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம்; அவ்வளவுதான். குற்ற வழக்குகளில் ஜூரி முறை ஒழிந்தும் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

இதையெல்லாம் திருத்துவது எளிது. பெரிய குறை வேறு. குற்றவியல் நீதிமன்றத்தைக் கிண்டல் செய்ய மிகைப்படுத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குறட்டை விடும் நீதிபதி, உளறும் வக்கீல் என்று ஆட்களைக் கோமாளி ஆக்கிவிட்டால் நடைமுறை தப்பித்துக்கொள்கிறது. நடைமுறையை உள்ளபடி, நேரம் தேதி பிசகாமல் எழுதினால் போதும். அதன் அபத்தம் தானாகவே வெளியே வரும்.

உதாரணத்துக்கு ஒப்புதல் வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 25-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-வது பிரிவு. ஆனால் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். முன்பு 27-வது பிரிவாக இருந்தது இதுதான். ஆகவே வழக்கு ஆவணங்களைச் சேர்த்துக் கட்டிய கேஸ் கட்டுக்குக் கேஸ் கட்டு ஒரே வாக்கியத்தைப் பார்க்கலாம்: “என்னை அழைத்துச் சென்றால், கத்தியை மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்.” பள்ளிக்கூடமே போகாத கூலித் தொழிலாளியும் கல்லூரிப் பேராசிரியரும் காவல் நிலையத்தில் இதே தமிழைத்தான் பேசுகிறார்கள். எழுதுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே. கதை முழுக்கக் குற்றம் சாட்டப்பட்டவரை அவருடைய வட்டார வழக்கிலேயே பேசவிடுங்கள். வாக்குமூலப் பக்கம் வரும்போது இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே வையுங்கள். விளக்கம் சேர்க்காதீர்கள்.

அடுத்து மகஜர், அதாவது கைப்பற்றிய பொருளைப் பற்றிப் போலீஸ் அந்த இடத்திலேயே எழுதும் பதிவு. பொருளைக் கைப்பற்றும்போது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். பல வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளருமே அந்த இருவர். குறுக்கு விசாரணையில் வழக்கு உடைகிற இடமும் பெரும்பாலும் இதுதான். கைதான நேரம், வாக்குமூல நேரம், மகஜர் நேரம், நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் ஆஜர் செய்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு கதையைத் தொடங்குங்கள். மாலை ஆறு மணிக்கு வாக்குமூலம், ஆறேகாலுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கத்தி பறிமுதல் என்றால் வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார். 2024 ஜூலைக்குப் பின் நடக்கும் கதையென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 105-வது பிரிவை மறக்கக் கூடாது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே அந்தக் காட்சியில் ஒரு செல்போன் இருந்தே ஆக வேண்டும். யார் பிடிக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதில் தனிக் கதையே இருக்கிறது.

எழுதப்படாமல் கிடக்கும் இன்னொரு அருமையான கரு, அறுபதாம் நாள். காவலில் வைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது 90 நாள். ரிமாண்ட் செய்த நாளையும் எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் கெடு முடிந்தாலும் மனு போட்டால்தான் அந்த உரிமை கைக்கு வரும். மனுவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். அறுபத்தொன்றாம் நாள் காலை வக்கீல் குமாஸ்தா மனுவோடும் கோர்ட் கான்ஸ்டபிள் குற்றப்பத்திரிகையோடும் ஒரே அலுவலகத்தை நோக்கி ஓடுகிறார்கள். ஒரு மனிதனின் விடுதலை அவர்களுடைய கால் வேகத்தில் நிற்கிறது. இதற்கு மேல் கற்பனை எதற்கு?

ஜாமீன் கிடைத்ததோடு ஆள் வெளியே வந்துவிட மாட்டார் என்பதையும் எழுதுங்கள். ஜாமீன்தாரர்கள் வேண்டும், அவர்கள் காகிதம் சரியாக இருக்க வேண்டும், விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். சிறை அடைக்கும் நேரம் தாண்டினால் இன்னும் ஓர் இரவு உள்ளே.

வாய்தாவைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. புதிதாகச் சொல்ல வேண்டுமானால் பி.என்.எஸ்.எஸ். 346-ஐப் பாருங்கள். ஒரு தரப்பின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தாலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் இல்லை என்கிறது. அந்தப் பிரிவை முதல் பத்தியில் வைத்துவிட்டு, வழக்கின் வாய்தாக்களை நாட்குறிப்பாக எழுதுங்கள்.

யாரைச் சிரிப்புக்கு உள்ளாக்குகிறோம் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சாட்சியின் பேச்சு வழக்கு, பெயர் கூப்பிடும் டவாலியின் குரல், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் பயம் இவற்றைக் கேலி செய்வது கோழைத்தனம். காலையில் நீண்ட வழக்குப் பட்டியலோடு உட்காரும் நடுவரைக்கூட நேர்மையானவராகவே எழுதிப் பாருங்கள். நல்லவர் கையிலும் இது இப்படித்தான் நடக்கும் என்று தெரியும்போது கதை இன்னும் கூர்மையாகும்.

நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி உச்சபட்சம் ஆறு மாத வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது குற்றமல்ல என்று 5-வது பிரிவு சொல்கிறது. பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மையை எதிர்வாதமாக ஏற்க 2006 திருத்தம் வழி செய்தது. நீதித்துறை பணக்காரர் பக்கம் சாய்கிறது என்ற பொருளில் பேசியதற்காக, கேரள முதல்வராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்கு விதித்த 1,000 ரூபாய் அபராதத்தை 1970-இல் உச்ச நீதிமன்றம் 50 ரூபாயாகக் குறைத்தது. ஆனால் குற்றம் குற்றமே என்றது. எனவே பதவியில் இருக்கும் எந்த நீதிபதியையும் அடையாளம் காட்டும் ஊர், வழக்கு, உடல் சாயல் எதையும் கதையில் வைக்காதீர்கள்.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் இ-கோர்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; தமிழில் எழுதியவையும் உண்டு. விடுதலைத் தீர்ப்புகளிலிருந்து தொடங்குங்கள். அ.சா.1, அ.சா.2 (அரசுத் தரப்புச் சாட்சி 1, 2) என்று வரிசையாக வரும் சாட்சியங்களில் மகஜர் சாட்சி சொன்னதையும் புலனாய்வு அதிகாரி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முதல் கதைக்கான கரு அங்கேயே கிடைத்துவிடும்.