ஐஸ் ஹவுஸ் ஜன்னல்

1964ஆம் ஆண்டில் நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, நம் சரித்திர டீச்சர் ஒரு நாள் இரண்டு தகர டப்பாக்களுடன் வகுப்புக்கு வந்தார். சோடாக் கடையில் வாங்கிவந்த ஐஸ் கட்டியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை ஒரு டப்பாவில் அப்படியே போட்டார். மறு பாதியைச் சுற்றி மரத்தூளை இறுக அடைத்து மற்றதில் வைத்தார். மணி அடித்தபோது முதல் டப்பாவில் தண்ணீர்தான் இருந்தது. இரண்டாவதில் தூளை விலக்கினால், ஓரங்கள் மட்டும் மழுங்கிப்போய், கட்டி கெட்டியாக இருந்தது. ஈரத்தூள் ஒட்டிய அந்தக் கட்டியை ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சற்று நேரம் வைத்துவிட்டு, "ஐஸ் ஹவுஸ் எப்படி உண்டாயிற்று என்று இப்போது தெரிகிறதா?" என்று கேட்டார்.

திருவல்லிக்கேணிப் பிள்ளைகளான எங்களுக்கு அது வெறும் பஸ் நிறுத்தத்தின் பெயராகத்தான் இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடெரிக் டூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளின் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர். 1833இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் சரக்கு 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகும் அதில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் போய்ச் சேர்ந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் பனிக்கிடங்குகள் எழுந்தன. அவற்றுள் இன்றும் நிற்பது, 1842இல் மெரினாக் கரையில் கட்டப்பட்ட நம்முடைய ஐஸ் ஹவுஸ் ஒன்றுதான். உள்ளூரிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அந்த வியாபாரம் நொடித்துப்போனது.

பின்னர் அந்தக் கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், வட்டத் தாழ்வாரங்களும் ஜன்னல்களும் வைத்து அதைக் குடியிருக்கும் வீடாக்கி, நீதிபதி கெர்னனின் பெயரைச் சூட்டினார். வெப்பம் நுழையாதபடி அடைத்துக் கட்டிய கிடங்குக்குள் கடற்காற்று வந்தது அவரால்தான். மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை அங்கே தங்கினார். அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவர் அனுப்பிவைத்த சக துறவி ராமகிருஷ்ணானந்தர், ஏறத்தாழ பத்தாண்டுகள் அந்த வீட்டிலிருந்தே ராமகிருஷ்ண மடத்தின் பணியை நடத்தினார். 1963இல், சுவாமிஜியின் நூற்றாண்டு விழாவின்போது, அதன் பெயர் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று.

இவ்வளவும் இன்று பலருக்குத் தெரியும். நான் இந்த மலரில் பதிந்துவைக்க விரும்புவது இடைப்பட்ட காலத்தை. பதினொரு வயதிலேயே விதவையாகி, 1911இல் மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற சிறுமிகளுக்காகத் தொடங்கிய இல்லத்தை எழும்பூரிலிருந்து இங்கே கொண்டுவந்தார். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீதியிலுள்ளவர்கள் உள்ளே திரும்பிக்கொண்ட அந்தக் குழந்தைகள், இந்த வீட்டில் உட்கார்ந்து படித்து, ஆசிரியைகளாகி ஊர் ஊராகச் சென்றார்கள். நம்மில் எத்தனை பேருடைய தாய்மார்களுக்கு அவர்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மறுவாரம் டீச்சர் எங்களை வரிசையாகக் கடற்கரைக்கு அழைத்துச்சென்றார். கட்டடம் அப்போது மாணவியர் விடுதியாக இருந்ததால் உள்ளே விடவில்லை. நாங்கள் மதிலோரம் நின்று, பூச்சு உதிர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாடியில் ஒரு ஜன்னலைக் காட்டி, "எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் முதன்முதலாக இங்கிலீஷில் என் பெயரை எழுதினேன்" என்றார். வெள்ளைப் புடவைத் தலைப்பைக் காற்று இழுத்ததால் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். எங்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

1999 டிசம்பரில் ராமகிருஷ்ண மடத்தார் அங்கே கண்காட்சி திறந்த பிறகு, லண்டனிலிருந்து ஊருக்குப் போன முதல் முறையே நான் உள்ளே சென்றேன். சுவாமிஜி தங்கிய அறையில் தியானம் செய்பவர்கள் அமர்ந்திருந்தார்கள். வணங்கிவிட்டு, மாடியில் ஜன்னல் ஜன்னலாகப் போய், மதிலோரம் நாங்கள் நின்ற இடம் எதிலிருந்து தெரிகிறது என்று பார்த்துவந்தேன். மூன்றாவதிலிருந்து தெரிந்தது.